ஒரே கட்டை, நாலு ஊர்: மரச்செதுக்குப் படங்களைத் தேடி ஏழு நாள்

முதல் நாள்: நியூரம்பெர்க்

ஊர் சுற்றிப் பார்க்கப் போவதாகத்தான் வீட்டில் சொல்லியிருக்கிறேன். உண்மையில் வந்தது மரக்கட்டை பார்க்க. ஐந்நூறு வருஷத்துக்கு முந்தைய ஐரோப்பிய அச்சுப் புத்தகங்களில் படம் எப்படி வந்தது, யார் செதுக்கினார்கள், அடித்து முடித்த கட்டைகள் எங்கே போயின என்று நாலைந்து வருஷமாகக் கிடைத்ததையெல்லாம் படித்துக்கொண்டிருக்கிறேன். அப்பா காலால் மிதித்து ஓட்டும் ட்ரெடில் அச்சு மெஷின் வைத்துப் பிழைத்தவர். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் படம் அடிக்கும் பிளாக்குக்கு அடியில் காகிதம் ஒட்டி, எழுத்தின் உயரத்துக்குச் சரிக்கட்டிக் கொடுப்பது என் வேலை. அந்தப் பழக்கதோஷம் இன்னும் விடவில்லை.

ஜெர்மனியில், நியூரம்பெர்க்குக்குப் பக்கத்து ஊரான எர்லாங்கனில் தங்கை மகன் படிக்கிறான். மூன்று நாள் துணைக்கு வருகிறேன் என்றான். முதலில் ஓவியர் டியூரர் வீட்டுக்குப் போனோம். கோட்டைச் சுவருக்குப் பக்கத்தில், கீழே கல்லும் மேலே மரச்சட்டமுமாக உயர்ந்து நிற்கிறது. 1509-இல் ஆல்பிரெக்ட் டியூரர் இந்த வீட்டை வாங்கினார். 1528-இல் சாகும்வரை இங்கேதான் இருந்தார். அறைகளைவிட எனக்குப் பிடித்தது பட்டறை. நாங்கள் போன நேரம் ஓர் அம்மாள் மரக்கட்டை அச்சு எடுத்துக் காட்டிக்கொண்டிருந்தார்.

கட்டை பேரி மரம். பலகையாக அறுத்தது, நார் நீளவாக்கில் ஓடுகிறது. அதன்மேல் மசியால் படம் வரைந்திருக்கிறது. கோடு இருக்கும் இடத்தைத் தொடக்கூடாது, அதன் இரண்டு பக்கத்தையும் சீவி எடுக்க வேண்டும். அவர் கத்தியை இந்தப் பக்கம் சாய்த்து ஒரு கீறல், அந்தப் பக்கம் சாய்த்து ஒரு கீறல் போட்டார். நடுவில் வயல் வரப்பு மாதிரி, நூல் கனத்தில் மரம் நின்றது. குறுக்கும் நெடுக்கும் கோடு போட்டு நிழல் காட்டியிருந்தால்தான் பாடு. கோடுகளுக்கு நடுவே குருணை அளவில் இருக்கும் கட்டங்களை ஒவ்வொன்றாகத் தோண்டியாக வேண்டும். வரைகிறவர் ஒரு நிமிஷத்தில் கையை வீசிப் போட்ட நிழலுக்குச் செதுக்குகிறவர் மணிக்கணக்காகக் குனிந்திருக்க வேண்டும். வரைகிறவரும் செதுக்குகிறவரும் அன்றைக்கு வேறு வேறு ஆட்கள். பெயர் நின்றது பெரும்பாலும் வரைந்தவருக்குத்தான்.

அப்புறம் தோல் உருண்டையால் மசி ஒற்றி, ஈரக் காகிதம் வைத்து, பிரஸ்ஸை இழுத்தார். மரக்கட்டையிலும் ஈய எழுத்திலும் மசி ஒட்டுவது மேலே நிற்கும் பகுதியில். உயரம் மட்டும் ஒத்துவிட்டால் இரண்டையும் ஒரே சட்டத்தில் முடுக்கி ஒரே இழுப்பில் அடித்துவிடலாம். செப்புத் தகட்டில் கதை வேறு. அங்கே மசி பள்ளத்தில் நிற்கும், அதை உறிஞ்சி எடுக்க உருளை போட்ட தனி மெஷின் வேண்டும், ஒரே தாளை இரண்டு தரம் அடிக்க வேண்டும். நூறு வருஷத்துக்கும் மேலாகப் புத்தகப் படம் என்றால் மரம்தான் என்று இருந்ததற்கு முக்கியமான காரணம் இந்த உயரக் கணக்குதான்.

வெளியே வரும்போது டியூரரின் காண்டாமிருக மரச்செதுக்குப் படம் போட்ட டீ கோப்பைகள் வரிசையாக இருந்தன. அது நம் பக்கத்து மிருகம். குஜராத் சுல்தான் இரண்டாம் முசாஃபர் ஷா போர்த்துக்கீசியருக்குக் கொடுத்தது, 1515 மே மாதம் லிஸ்பனில் இறங்கியது. டியூரர் அதைக் கண்ணால் பார்த்ததே இல்லை. வந்த கடிதத்தையும் ஒரு கோட்டோவியத்தையும் வைத்து வரைந்தார், முதுகில் இல்லாத ஒரு சின்னக் கொம்பையும் சேர்த்துவிட்டார். கட்டை அவர் செத்த பிறகும் ஓடியது. பின்னால் வந்த அச்சுகளில் கால்களின் குறுக்கே ஒரு வெள்ளைக் கோடு தெரியும். மரம் விரிசல் விட்டிருக்கிறது. விரிசலைப் பார்த்தே எது முந்தி, எது பிந்தி என்று சொல்லிவிடலாம்.

இரண்டாம் நாள்: பாம்பெர்க்

எட்டேகாலுக்கே ஸ்டேஷனுக்குப் போய்விட்டோம். பவேரியா முழுக்கச் செல்லும் ஒருநாள் டிக்கெட் வாரநாளில் ஒன்பது மணிக்கு மேல்தான் செல்லும் என்பது அங்கே போன பிறகுதான் மருமகனுக்கு ஞாபகம் வந்தது. முக்கால் மணி நேரம் காபி.

பாம்பெர்க்குக்கு வந்தது ஆல்பிரெக்ட் ஃபிஸ்டர் என்ற ஆளுக்காக. இந்த ஊர் பிஷப்பிடம் எழுத்தராக இருந்தவர். ஈய எழுத்தையும் மரப் படத்தையும் முதன்முதலாக ஒரே புத்தகத்தில் சேர்த்தவர் இவர்தான். உல்ரிக் போனர் என்ற பெர்ன் நகரத் துறவி அதற்கு நூறு வருஷம் முன்பு எழுதிய நீதிக்கதைத் தொகுப்பை எடுத்துக்கொண்டார். 'ரத்தினக்கல்' என்று அதற்குப் பெயர். 1461 பிப்ரவரி 14-ஆம் தேதி பாம்பெர்க்கில் முடிந்தது என்று கடைசியில் போட்டிருக்கிறார்.

படங்கள் ஸ்கேனாக டேப்லெட்டில் இருந்தன. கதீட்ரலுக்கு எதிரே படியில் உட்கார்ந்து இருவரும் பார்த்தோம். எல்லாம் வெறும் விளிம்புக் கோடுதான், நிழலே கிடையாது. வாங்குகிறவர் வண்ணம் தீட்டிக்கொள்ளட்டும் என்ற கணக்கு. படத்துக்குப் பக்கத்தில் தனியாக ஒரு மனிதன் நின்று, "இதோ பார்" என்று படத்தைக் கைகாட்டுகிறான். அவன் தனிக்கட்டை. கதை மாறும், படம் மாறும், கைகாட்டும் ஆள் மட்டும் மாறவே மாட்டான். முதல் புத்தகத்திலேயே ஒரு கட்டையைத் திரும்பத் திரும்ப அடிக்கும் வழக்கம் வந்துவிட்டது பாருங்கள். இந்த முதல் பதிப்பில் எழுத்தை ஓர் இழுப்பும் படத்தை ஓர் இழுப்புமாக இரண்டு தரம் அடித்தார் என்றும், அடுத்த பதிப்பில்தான் ஒரே இழுப்புக்கு வந்தார் என்றும் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். நேற்று நான் சொன்ன உயரக் கணக்கு அவருக்குப் படிய ஒரு பதிப்பு ஆகியிருக்கிறது.

1461 பதிப்பில் மிஞ்சியது ஒரே பிரதி. அது வடக்கே வோல்ஃபென்பியூட்டல் நூலகத்தில் இருக்கிறது. நெப்போலியன் காலத்தில் பாரிசுக்கு அள்ளிக்கொண்டு போய், அவர் விழுந்த பிறகு திரும்பி வந்தது.

"புஸ்தகமும் இங்க இல்ல, பிரஸ்ஸும் இல்ல. அப்ப எதுக்கு மாமா வந்தோம்?"

"இங்கதான் நடந்துச்சு மாப்ளே."

அவன் ஒன்றும் சொல்லவில்லை. இந்த ஊரில் புகை போட்ட பீர் பிரபலம் என்று கடைக்குக் கூட்டிப்போனான். ஒரு வாய் குடித்தேன். கருவாடு சுட்ட அடுப்படியைக் கிளாசில் ஊற்றிக் கொடுத்த மாதிரி இருந்தது. என் பங்கையும் அவனே குடித்தான்.

மூன்றாம் நாள்: மறுபடி நியூரம்பெர்க்

இன்றைக்குத்தான் இந்தப் பயணத்தின் பெரிய புத்தகம். ஹார்ட்மன் ஷேடல் என்ற டாக்டர் தொகுத்த உலக வரலாறு, நியூரம்பெர்க் குரோனிக்கிள் என்று இன்றைக்கு அழைப்பது. 1493 ஜூலையில் லத்தீன் பதிப்பு, அதே வருஷம் டிசம்பரில் ஜெர்மன் பதிப்பு. அச்சடித்தவர் அன்டன் கோபெர்கர். டியூரருக்கு ஞானத்தந்தை. படத்துக்குப் பொறுப்பு மிக்கேல் வோல்கெமுட், வில்ஹெல்ம் பிளைடன்வுர்ஃப். வோல்கெமுட்டிடம்தான் 1486-இல் பதினைந்து வயதுப் பையனாக டியூரர் தொழில் கற்கச் சேர்ந்தார். இந்தப் புத்தகத்தில் அவர் கை எங்காவது இருக்கிறதா என்று ஆராய்ச்சிக்காரர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள்.

படங்கள் 1809 என்பது வழக்கமாகச் சொல்லும் கணக்கு. கட்டைகளோ 645 தான்.

காலையில் ஏகிடியன் சதுக்கத்தில், கோபெர்கரின் அச்சகம் இருந்த பக்கத்தில், பெஞ்சில் உட்கார்ந்து மருமகனுக்கு ஒரு போட்டி வைத்தேன். ஷேடலின் சொந்தப் பிரதி மியூனிக் நூலகத்தில் இருக்கிறது, அழகாக வண்ணம் தீட்டியது, முழுக்க ஸ்கேன் செய்து போட்டிருக்கிறார்கள். டமாஸ்கஸ் பக்கத்தைக் காட்டினேன். மதில், வாசல், கூரைகள், கோபுரங்கள். அப்புறம் ஃபெராரா, மிலான், மாந்துவா என்று ஒவ்வொன்றாகத் தள்ளினேன். மிலானிலேயே பிடித்துவிட்டான். "மாமா, இது அதே ஊரு!" நாலுக்கும் ஒரே கட்டை. தலைப்பும் வண்ணமும்தான் வேறு. போப்பாண்டவர்களும் ராஜாக்களும் இதே கதிதான். ஒரே தாடிக்காரர் இரண்டு மூன்று நூற்றாண்டு கழித்து வேறு பெயரில் வந்து உட்காருவார்.

இதை ஏமாற்று வேலை என்று எழுதுகிறவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. அப்பாவிடம் ஒரே ஒரு கோபுர பிளாக் இருந்தது. எந்த ஊர்க் கோயில் திருவிழா நோட்டீஸ் வந்தாலும் அதுதான். "எங்க ஊர் கோபுரம் ஏழு நிலையாச்சே" என்று யாரும் சண்டைக்கு வந்ததில்லை. கோபுரம் போட்டால் கோயில் சமாச்சாரம், அவ்வளவுதான். டமாஸ்கஸுக்குக் கீழே இருக்கும் படமும் "இங்கே ஒரு பெரிய நகரத்தின் கதை வருகிறது" என்று சொல்கிறது. அறுநூறு பக்கத்தைப் புரட்ட வாசகனுக்கு ஒரு பிடி.

ஆனால் தெரிந்த ஊர் என்று வந்துவிட்டால் இவர்கள் விளையாடுவதில்லை. புத்தகத்தை விரித்தால் இரண்டு பக்கம் முழுக்க நியூரம்பெர்க். மேலே கோட்டை, கீழே மதில். லாரன்ஸ் தேவாலயத்துக்கும் சீபால்ட் தேவாலயத்துக்கும் படத்துக்குள்ளேயே பெயர். வலப்பக்கம் கீழே மதிலுக்கு வெளியே ஒரு கட்டடக் கூட்டம். அது காகித மில். 1390-இல் உல்மன் ஷ்ட்ரோமர் தொடங்கியது, ஜெர்மனியில் முதலாவது. ஊரைக் காட்டுகிறேன் என்று காகித மில்லையும் சேர்த்துப் போட்டவரை எனக்குப் பிடித்துவிட்டது. டேப்லெட்டைப் பிடித்துக்கொண்டு அந்தக் கோணம் கிடைக்குமா என்று தெற்கே நடந்தோம். ஸ்டேஷன் குறுக்கே வந்துவிட்டது.

நம்மையும் விடவில்லை. உலக வரைபடத்தை ஒட்டி விநோத மனிதர்கள் வரிசை இருக்கிறது. நாய்த்தலை ஆள், ஒரே பாதத்தைக் குடையாகப் பிடித்துப் படுத்திருக்கும் ஒற்றைக்கால் ஆள். நாய்த்தலையர் இந்தியாவில் இருக்கிறார்கள், குரைத்துப் பேசுவார்கள் என்று பழைய ரோமாபுரி நூல்களிலிருந்து ஷேடல் எடுத்து எழுதியிருக்கிறார். மருமகன் அந்தப் பக்கத்தைக் குடும்ப வாட்ஸப் குரூப்பில் போட்டான்.

பிற்பகல் முழுக்க நான் நினைத்துக்கொண்டிருந்தது வேறு விஷயம். இந்தப் புத்தகத்தின் டம்மி தப்பியிருக்கிறது. இரண்டு மொழிக்கும் பக்கம் பக்கமாகக் கையால் எழுதி, படம் வரும் இடத்தில் கிறுக்கல் ஓவியம் போட்டு, இத்தனை வரி இங்கே, கட்டை அங்கே என்று கணக்குப் போட்டது. இந்த ஊர் நகர நூலகத்தின் சொத்து. பக்கம் கட்டிப் பழகினவர்களுக்குத் தெரியும், படம் எழுத்தைச் சுற்றி வளைந்து போகும் பக்கம் ஒன்றுக்கே ராத்தூக்கம் போய்விடும். பணம் போட்டவர்கள் ஷ்ரையர், கம்மர்மைஸ்டர் என்ற இரண்டு வியாபாரிகள். அச்சு நடக்கும் அறையைப் பூட்டி வைக்க வேண்டும் என்று கோபெர்கரிடம் எழுதியே வாங்கினார்கள். கட்டை வெளியே போனால் புத்தகமே வெளியே போன மாதிரி என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. எப்படிப் போனது என்பது நாளைக்கு.

நான்காம் நாள்: ஆக்ஸ்பர்க்

மருமகனுக்கு வகுப்பு. தனியாக வந்தேன்.

பூட்டி வைத்தும் பயனில்லை. கட்டையைத் திருட வேண்டியதில்லை, ஒரு புத்தகத்தை வாங்கினால் போதும். ஆக்ஸ்பர்க் அச்சுக்காரர் யோகன் ஷோன்ஸ்பெர்கர் அதைத்தான் செய்தார். படங்களைப் பார்த்துச் சின்னதாக மறுபடி செதுக்க வைத்து, 1496-இல் மலிவான குட்டிப் பதிப்பு போட்டுவிட்டார். அடுத்த வருஷம் லத்தீனிலும் போட்டார். 1509-இல் நியூரம்பெர்க் பங்காளிகள் கணக்கு முடித்தபோது 539 லத்தீன் பிரதியும் 60 ஜெர்மன் பிரதியும் விற்காமல் கிடந்தன.

இந்த ஊரில் கட்டை செதுக்குகிறவர்களுக்கு அன்றைக்குச் சங்க பலம் அதிகம். அச்சுப் புத்தகம் வருவதற்கு முன்பே சாமி படமும் சீட்டுக்கட்டும் அடித்துப் பிழைத்தவர்கள். 1468 வாக்கில் கியூண்டர் சைனர் இங்கே அச்சகம் போட வந்ததும், எங்கள் பிழைப்பில் மண் போடுகிறான் என்று தடுத்தார்கள். உல்ரிக்-ஆஃப்ரா மடத்தின் தலைவர் நடுவில் புகுந்து சமாதானம் பேசினார். முதலில் படம் போடக்கூடாது என்ற நிபந்தனை, அப்புறம் சங்கத்து ஆளை வைத்துச் செதுக்கினால் போடலாம் என்று தளர்த்தினார்கள். கம்ப்யூட்டர் வந்தபோது எழுத்துக் கோக்கும் கம்பாசிட்டர்கள் பட்ட பாட்டைப் பார்த்தவன் நான். சங்கத்தின் பக்கம்தான் என் மனசு போகிறது.

அந்த மடத்துக் கோயில் இன்னும் இருக்கிறது. உள்ளே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். மாலையில் மழை. இந்த ஊர் ஓவியர் ஹான்ஸ் புர்க்மையர் 1508-இல் செய்த நீளமான மரச்செதுக்கு வரிசையை அறையிலேயே பார்த்தேன். வெல்சர் என்ற வியாபாரக் குடும்பத்தின் ஆளாக ஷ்பிரிங்கர் என்பவர் போர்த்துக்கீசியக் கப்பலில் 1505-இல் இந்தியா போய் வந்து சொன்னதை வைத்து வரைந்தது. ஆப்பிரிக்கக் கரையில் தொடங்கி, பல்லக்கில் வரும் கொச்சி ராஜாவில் முடிகிறது. புர்க்மையரும் கப்பல் ஏறாதவர்தான். ஆனாலும் நாய்த்தலையர் இல்லை. கை, கால், குழந்தை, சுமை என்று மனிதர்கள் மனிதர்களாகவே இருக்கிறார்கள். குரோனிக்கிளுக்கும் இதற்கும் பதினைந்து வருஷம்தான் இடைவெளி.

ஐந்தாம் நாள்: உல்ம்

உல்மில் வண்டி நிற்கும்போதே கோயில் கோபுரம் தெரிகிறது. 768 படி. ஏறவில்லை, முழங்கால் சம்மதிக்கவில்லை.

கீழே பாடகர் இருக்கைகளைப் பார்த்தேன். யோர்க் சியூர்லின் 1469 முதல் 1474 வரை ஓக் மரத்தில் செய்தது. இருக்கைகளின் முனையில் பழைய காலத்து அறிஞர்களின் மார்பளவுச் சிலைகள். புவியியல்காரர் தாலமி இருக்கிறார், நாடகக்காரர் டெரன்ஸ் இருக்கிறார். கண் இமை, கழுத்து நரம்பு எல்லாம் மரத்தில். இதைச் செய்த கைகள் உள்ள ஊரில் மரச்செதுக்குப் புத்தகம் ஏன் செழித்தது என்று விளக்க வேண்டியதில்லை.

1473-இல் யோகன் சைனர் இங்கே இத்தாலிய எழுத்தாளர் பொக்காச்சியோவின் பெண்கள் வரலாற்றைப் படங்களோடு போட்டார். இரண்டு மூன்று வருஷத்தில் ஈசாப் கதைகள், கிட்டத்தட்ட இருநூறு படங்களோடு. கூனல் முதுகு ஈசாப்பைச் சுற்றிக் கதைச் சாமான்கள் எல்லாம் இறைந்து கிடக்கும் முதல் படத்தை எங்காவது பார்த்திருப்பீர்கள். அந்தக் கட்டைகள் வண்டி ஏறி ஆக்ஸ்பர்க் சைனரிடம் போயின, அங்கேயும் ஈசாப் வந்தது. பார்த்துச் செதுக்கிய நகல்கள் இன்னும் தூரம் போயின. 1484-இல் இங்கிலாந்தில் காக்ஸ்டன் போட்ட ஈசாப்பும் இந்தப் படங்களின் பேரப்பிள்ளைதான்.

எனக்கு வேண்டிய ஆள் லீன்ஹார்ட் ஹோல். 1482-இல் தாலமியின் புவியியலை 32 மர வரைபடங்களோடு அடித்தார். தெற்கே நீண்டு இறங்கும் இந்தியா அதில் இல்லை, கரை மட்டமாக ஓடுகிறது. இலங்கை, அதாவது தாப்ரோபனே, கண்டம் மாதிரி பெரிசாகக் கிடக்கிறது. மதுரையைப் பாண்டியனின் தலைநகர் என்று பெயர் சொல்லி எழுதிய அதே தாலமிதான். கொற்கையும் காவிரிப்பூம்பட்டினமும் அவர் பட்டியலில் உண்டு. இருந்தாலும் நம் கரையை இப்படி நசுக்கிவிட்டார்.

உலகப் படத்தின் உச்சியில் செதுக்கியவர் கையெழுத்து: அர்ம்ஸ்ஹைம் ஊர் யோகன்னஸ் ஷ்னிட்சர். ஷ்னிட்சர் என்றாலே செதுக்குகிறவர். செதுக்கினவன் பெயரைப் பார்ப்பது அபூர்வம் என்பதால் டேப்லெட்டில் பெரிசாக்கிப் பார்த்தேன். அப்போதுதான் கண்ணில் பட்டது. எங்கெல்லாம் 'என்' எழுத்து வருகிறதோ அங்கெல்லாம் அது திரும்பிக் கிடக்கிறது. நடுக்கோடு இடமிருந்து வலம் இறங்குவதற்குப் பதில் ஏறுகிறது. கட்டையில் எல்லாவற்றையும் கண்ணாடியில் பார்ப்பது போல மாற்றிச் செதுக்க வேண்டும். மனுஷன் மற்ற எழுத்தையெல்லாம் மாற்றிவிட்டு இந்த ஒன்றை மட்டும் நேராகவே வெட்டிவிட்டார், அதுவும் ஒவ்வொரு தடவையும். கையெழுத்தைவிட இதுதான் அவரை எனக்குக் காட்டியது.

அடுத்த வருஷம், 1483-இல், ஹோல் போட்ட படப் புத்தகம் நம் பஞ்சதந்திரம். சமஸ்கிருதத்திலிருந்து பழைய பாரசீகமான பஹ்லவி, அரபு, ஹீப்ரு, லத்தீன் என்று இறங்கி, அன்டோனியுஸ் ஃபோன் ஃபோர் என்பவர் கையில் ஜெர்மன் ஆனது. 'பழைய ஞானிகளின் உதாரண நூல்' என்று பெயர். சிங்கம் ஜெர்மன் சிங்கம், ராஜா ஜெர்மன் ராஜா, மரம்கூட அந்த ஊர் மரம். கதை மட்டும் பாட்டி சொன்னது.

இத்தனை நல்ல புத்தகம் போட்டவர் ஒன்றிரண்டு வருஷத்தில் கடனில் மூழ்கிவிட்டார். தாலமியின் கட்டைகளும் எழுத்தும் கைமாறி, 1486-இல் யோகன் ரேகர் அதே வரைபடங்களோடு மறுபடி அடித்தார். அச்சகம் நொடித்தாலும் கட்டைக்கு மதிப்பு உண்டு. அப்பா மெஷினை விற்றபோது பிளாக்குகளை எடைக்குத்தான் எடுத்தார்கள் என்பது இங்கே ஞாபகம் வந்தது.

ஆறாம் நாள்: ரயில்

உல்மிலிருந்து தெற்கே இறங்கி, கான்ஸ்டன்ஸ் ஏரிக்கரையாக, பிறகு ரைன் நதியை ஒட்டி சுவிட்சர்லாந்தின் பாசல். அரைநாளைக்கு மேல் ஆனது. ஏரி முழுக்க மூட்டம்.

ஸ்ட்ராஸ்பர்க் போக நாள் இல்லை என்பதுதான் வருத்தம். அங்கே கிரியூனிங்கர் என்ற அச்சுக்காரர் 1496-இல் டெரன்ஸ் நாடகங்களுக்கு ஆள் ஒரு கட்டை, மரம் ஒரு கட்டை, வீடு ஒரு கட்டை என்று துண்டு துண்டாகச் செதுக்க வைத்தார். காட்சிக்குத் தகுந்தபடி பக்கத்தில் பக்கத்தில் வைத்து முடுக்கி அடிப்பது. உற்றுப் பார்த்தால் துண்டுகளுக்கு நடுவே விளிம்பு இடிக்கும் இடம் தெரியும். வாட்ஸப் ஸ்டிக்கர் ஒட்டுகிற மாதிரிதான்.

ஏழாம் நாள்: பாசல்

காலையில் சாங்க்ட் ஆல்பன் பகுதியில் உள்ள காகித மில் அருங்காட்சியகம். வாய்க்காலில் தண்ணீர் சக்கரம் இன்னும் சுற்றுகிறது. நாமே கூழை அள்ளிக் காகிதம் எடுக்கலாம், எழுத்துக் கோத்து அடிக்கலாம். அப்பா அச்சகத்தின் பெயரை ரோமன் எழுத்தில் கோத்தேன். முப்பது வருஷம் கழித்துக் கோக்கிறேன், விரல் மறக்கவில்லை. ஒரு 'என்' எழுத்தைத் தலைகீழாகப் போட்டுவிட்டேன், அடித்துப் பார்த்தால் வடிவம் மாறவில்லை. அந்த எழுத்தைத் தலைகீழாகச் சுழற்றினாலும் அதேதான். ஷ்னிட்சர் மாதிரி மாட்டிக்கொள்ள மரம் வேண்டும்.

1494-இல் இந்த ஊரில்தான் செபாஸ்டியன் பிராண்டின் 'முட்டாள்களின் கப்பல்' என்ற கேலி நூல் வந்தது. நூற்றுச் சொச்சம் படங்கள். பெரும்பகுதி அப்போது ஊர் சுற்றிக்கொண்டிருந்த இளம் டியூரர் வரைந்தது என்பது பொதுவான முடிவு. கப்பலில் முதல் இடம் புத்தகப் பைத்தியத்துக்கு. மூக்குக் கண்ணாடி போட்டு, சுற்றிலும் படிக்காத புத்தகமாக அடுக்கி, இறகுக் கட்டையால் ஈ ஓட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். மருமகனுக்கு அனுப்பினேன். "நீங்கதானே மாமா?" என்று உடனே பதில்.

கடைசியாக நான் தேடி வந்த கட்டைகள் இங்கே கலை அருங்காட்சியகத்தின் ஓவியச் சேகரிப்பில் இருக்கின்றன. 1492 வாக்கில் டெரன்ஸ் நாடகங்களைப் படத்தோடு போட இந்த ஊரில் ஒரு திட்டம் இருந்தது. கட்டைகளில் படம் வரைந்தாகிவிட்டது. அதற்குள் 1493-இல் பிரான்சின் லியோனில் டிரெக்செல் என்ற அச்சுக்காரர் படம் போட்ட டெரன்ஸைக் கொண்டுவந்துவிட்டார். அதனால்தான் பாசல்காரர்கள் கைவிட்டிருப்பார்கள் என்று கருதுகிறார்கள். சுமார் 130 கட்டைகள். சிலதில் மட்டும் கத்தி பட்டிருக்கிறது. மற்றவற்றில் மரத்தின்மேல் மசிக் கோடு அப்படியே. டியூரர் கை என்கிறார்கள், இல்லை என்பவர்களும் உண்டு.

செதுக்க ஆரம்பித்தால் வரைந்த கோடு போய்விடும். கத்தி சீவும், மசி மேலே ஏறும், கழுவும்போது மிச்சமும் போகும். வெற்றியாக விற்ற அத்தனை புத்தகத்திலும் ஓவியரின் சொந்தக் கோடு மரத்தோடு போய்விட்டது. படுத்துப்போன வியாபாரத்தில்தான் அது பிழைத்துக் கிடக்கிறது.

எப்போதும் காட்சிக்கு வைக்கிற பொருள் இல்லை. அது தெரிந்தேதான் வந்தேன். வாசல் பெஞ்சில் உட்கார்ந்து அவர்களே எடுத்துப் போட்டிருக்கும் படங்களைப் பார்த்தேன். இரண்டு பேர் தெருவில் நின்று பேசுகிறார்கள். ஒருவன் கையை நீட்டியிருக்கிறான். நாரின் ஓட்டம் அவன் முகத்தின் குறுக்கே போகிறது.

காலையில் அடித்த தாள் இன்னும் சரியாகக் காயவில்லை. இரண்டு செய்தித்தாளுக்கு நடுவே வைத்துப் பெட்டியின் மேல்தட்டில் போட்டிருக்கிறேன். விமானம் விடியற்காலை.